நெடுவரிசைகள் ஏன் கோணுகின்றன? சொற்செயலியில் டேப் நிறுத்தமும் அட்டவணையும்

பெயர், எண், குறிப்பு என்று இரண்டு மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஒரு பட்டியலை வேர்ட் போன்ற ஒரு சொற்செயலியில் தட்டச்சு செய்ய உட்காரும் பெரும்பாலோரின் கை முதலில் போவது ஸ்பேஸ் பாருக்குத்தான். ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, அடுத்த சொல் மேல்வரிச் சொல்லுக்கு நேர்கீழே வந்து நிற்கும்வரை இடைவெளியாக இட்டுக்கொண்டே போகிறார்கள். ஏறக்குறைய நேராக வந்தது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு வரி சற்று முன்னே நிற்கும். இன்னோர் இடைவெளி சேர்த்தால் சற்றுப் பின்னே போய்விடும். அச்சிட்டாலோ, வேறொரு கணினியில் திறந்தாலோ அந்த ஏறக்குறையவும் போய்விடும். தட்டச்சு செய்பவரின் கவனக்குறைவு இதற்குக் காரணமன்று. இன்றைய எழுத்துருக்களில் இடைவெளியைக் கொண்டு நெடுவரிசையை நேராக்க முடியாது.

பழைய தட்டச்சுப் பொறியில் அது முடிந்தது. ஆங்கிலப் பொறிகளில் பைக்கா அளவு என்றால் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் அளவு என்றால் 12 எழுத்து என்று எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருந்தது. இடைவெளிக்கும் அதே அகலம்தான். எனவே எழுத்துகளை எண்ணி, குறைகிற இடத்தை இடைவெளியால் நிரப்பினால் கணக்கு சரியாக வந்தது. கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் அப்படி அமைந்தவை அல்ல. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவை 12 புள்ளி (பாயின்ட்) அளவில் எடுத்துக்கொண்டால், ஓர் இலக்கத்தின் அகலம் 6 புள்ளி, இடைவெளியின் அகலம் 3 புள்ளி. அங்கே இரண்டு இடைவெளி சேர்ந்தால் ஓர் இலக்கம் ஆகிறது என்பது தற்செயலான நல்வாய்ப்பு. கேலிப்ரி எழுத்துருவில் இலக்கத்தின் அகலம் எழுத்தளவில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, இடைவெளியோ காலுக்கும் குறைவு. ஆகவே அந்த நல்வாய்ப்பும் இல்லை. தமிழ் எழுத்துகளுக்கு வந்தால் கணக்கே போட முடியாது. ‘ர’ ஒடுங்கியது, ‘ஞ’ பரந்தது. ‘கொ’ என்பது ஓர் எழுத்துதான் என்றாலும் முன்னொரு குறி, நடுவில் மெய், பின்னொரு குறி என்று மூன்று உருவங்களின் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டு தமிழ்ச் சொற்களின் அகல வேறுபாடு முழு எண்ணிக்கையிலான இடைவெளிகளுக்குச் சமமாக வருவது அரிது.

அப்படியே கண்ணால் ஒப்பேற்றி வைத்தாலும் அது நிலைப்பதில்லை. விண்டோஸில் நிர்மலா எழுத்துருவில் அமைத்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், சொற்செயலி வேறொரு தமிழ் எழுத்துருவை அதன் இடத்தில் போட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறுவதால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு அளவுக்கு நகர்கிறது. பத்தியை இருபுறமும் நேராக்கும் வசதியைப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஓரத்தை எட்டுவதற்காகச் சொற்செயலி இழுத்து நீட்டுவது இடைவெளிகளைத்தானே.

டேப் விசை என்ன செய்கிறது

டேப் விசையைத் தட்டினால் நாலைந்து இடைவெளிகள் ஒன்றாக விழுகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் விழுவது ஒரே ஓர் எழுத்துதான்; எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறிமுறையில் அதன் எண் 9, யூனிகோடிலும் அதே எண். அந்த எழுத்துக்குத் தனக்கென்று அகலம் கிடையாது. ‘இந்த வரியில் அடுத்து வரும் நிறுத்தம் வரை போ’ என்பதே அதன் பொருள். எங்கே நிறுத்தம் என்பதை நாம் சொல்லலாம். சொல்லாவிட்டால் சொற்செயலி தானாகவே சீரான தொலைவில் நிறுத்தங்களை வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் அந்தத் தொலைவு அரை அங்குலம், அதாவது 1.27 சென்டிமீட்டர்.

இடைவெளியை விட்டு டேப்புக்கு மாறியவர்களும் தடுமாறுவது இந்த இயல்பு நிறுத்தங்களால்தான். குறுகிய சொல்லுக்குப் பின் மூன்று டேப், நீண்ட சொல்லுக்குப் பின் இரண்டு டேப் என்று தட்டி நேராக்கியிருப்பார்கள். எழுத்தின் அளவை 11 புள்ளியிலிருந்து 12 ஆக்கியவுடன் ஏதோ ஒரு சொல் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிடும்; அந்த வரி மட்டும் 1.27 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளியால் வந்த கோணல் சிறியது, இது பெரியது, வேறுபாடு அவ்வளவுதான். இதற்கான மாற்று எளியது: இரண்டு நெடுவரிசைகளுக்கு இடையே எப்போதும் ஒரே ஒரு டேப், நிறுத்தம் எங்கே என்பது நம் கையில்.

ஒரு சிறு பட்டியலில் இதைப் பார்க்கலாம். உலோகத்தின் பெயர், அதன் அணு எண், ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் அதன் அடர்த்தி, ஆகிய மூன்றையும் தட்டச்சு செய்கிறோம். அம்புக்குறி உள்ள இடத்தில் ஒரு டேப் தட்டியிருப்பதாகக் கொள்ளவும்.

லித்தியம் → 3 → 0.534
அலுமினியம் → 13 → 2.70
இரும்பு → 26 → 7.87
தங்கம் → 79 → 19.3
பாதரசம் → 80 → 13.5

தட்டும்போது திரையில் இது கோணல்மாணலாகத்தான் தெரியும். அதைக் கண்டு இன்னொரு டேப் தட்ட எழும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தட்டச்சு முழுவதும் முடிந்த பிறகே நேராக்கும் வேலை. முடிந்ததும் ஐந்து வரிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் மேலே உள்ள அளவுகோலைப் பார்க்கவும். அது தெரியாவிட்டால் வியூ பட்டியில் ரூலர் என்பதைக் குறியிட்டால் வந்துவிடும். அளவுகோலின் இடது முனையில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதைச் சொடுக்கச் சொடுக்க அதிலுள்ள குறி மாறும்: இடப்புற நிறுத்தம், நடு நிறுத்தம், வலப்புற நிறுத்தம், தசம நிறுத்தம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குறி. வேர்டில் இவற்றோடு வெறும் செங்குத்துக் கோடு போடும் குறி ஒன்றும், பத்தியின் உள்தள்ளலுக்கான குறிகள் இரண்டும் அதே சுற்றில் வருவதால் முதன்முறை பார்ப்பவருக்குக் குழப்பம் தோன்றும். அவற்றை இப்போதைக்குக் கடந்துவிடலாம்.

வலப்புற நிறுத்தத்தின் குறி வந்ததும் அளவுகோலில் 6 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தைச் சொடுக்கவும். பிறகு தசம நிறுத்தத்தின் குறியை வரவழைத்து 10 சென்டிமீட்டரில் சொடுக்கவும். ஐந்து வரிகளும் ஒரே நொடியில் ஒழுங்காகிவிடும். பெயர்கள் இடது ஓரத்திலேயே தொடங்குவதால் அவற்றுக்கு நிறுத்தம் தேவையில்லை. அணு எண்களில் ஒன்றாம் இலக்கத்துக்குக் கீழே ஒன்றாம் இலக்கம் விழுகிறது. 3 என்பது 13-இன் 1-க்கு நேராக நிற்காமல் 3-க்கு நேராக நிற்கிறது. அடர்த்தியில் ஐந்து தசமப் புள்ளிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, 0.534-இன் வால் வலப்புறம் நீள்கிறது, 19.3-இன் தலை இடப்புறம் நீள்கிறது. இடைவெளிகளை வைத்துக்கொண்டு இந்தக் கடைசி நெடுவரிசையை ஒருநாளும் இப்படிக் கொண்டுவர முடியாது. தசம நிறுத்தம் ஒன்றுக்காகவே டேப்பைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

நாமாக ஒரு நிறுத்தம் வைத்தவுடன், அதற்கு இடப்புறம் இருந்த இயல்பு நிறுத்தங்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. ஒரே டேப்பில் 6 சென்டிமீட்டர் வரை தாவ முடிவது அதனால்தான். இடம் பிடிக்கவில்லை என்றால் அளவுகோலில் உள்ள குறியை இழுத்து நகர்த்தலாம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் வேர்டில் துல்லியமான அளவும் தெரியும். வேண்டாத நிறுத்தத்தை அளவுகோலுக்குக் கீழே இழுத்து விட்டுவிட்டால் அது நீங்கிவிடும். வேர்டில் குறியின் மேல் இருமுறை சொடுக்கினால் எண்ணாகவே அளவைக் கொடுக்கும் பெட்டி திறக்கும்; பல பக்கக் கோப்புகளில் கையால் இழுப்பதைவிட அதுவே நம்பகமானது.

நிறுத்தம் யாருடைய உடைமை

டேப் நிறுத்தம் பக்கத்துக்கோ கோப்புக்கோ உரியதன்று, பத்திக்கு உரியது. சொற்செயலியின் கணக்கில் என்டர் விசையால் முடிகிற ஒவ்வொரு வரியும் ஒரு தனிப் பத்தி. நிறுத்தம் வைத்துள்ள வரியின் முடிவில் என்டர் தட்டினால் புதிய வரி அதே நிறுத்தங்களோடு பிறக்கிறது. ஆனால் முன்பே தட்டி முடித்த பட்டியலில் ஏதோ ஒரு வரியில் சுட்டியை வைத்துக்கொண்டு நிறுத்தத்தை நகர்த்தினால் அந்த ஒரு வரி மட்டுமே நகரும். ‘ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை கேட்கமாட்டேன் என்கின்றன’ என்ற புகார் இதிலிருந்துதான் வருகிறது. எனவே எதையும் தொடுவதற்குமுன் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்த பின் அளவுகோலில் ஒரு குறி மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிந்தால், தேர்ந்தெடுத்த வரிகளில் சிலவற்றில்தான் அந்த நிறுத்தம் இருக்கிறது என்று பொருள். ஒரே வகைப் பட்டியல் கோப்பில் பல இடங்களில் வருமானால், நிறுத்தங்களை ஒரு பத்திப் பாணியில் (ஸ்டைல்) சேமித்துவிட்டால் பாணியை ஓரிடத்தில் மாற்றுவதால் எல்லாப் பட்டியல்களும் மாறும்.

தலைப்பு வரியைப் பற்றி ஒரு சொல். ‘அடர்த்தி’ என்ற தலைப்பைத் தசம நிறுத்தத்தில் தட்டினால், அதில் தசமப் புள்ளி இல்லாததால் சொல் முழுவதும் நிறுத்தத்துக்கு இடப்புறமாக ஒதுங்கி, எண்களின் தலைமேல் நிற்காமல் தள்ளி நிற்கும். தலைப்பும் ஒரு தனிப் பத்திதான் என்பதால், அந்த வரிக்கு மட்டும் அதே 10 சென்டிமீட்டரில் தசம நிறுத்தத்துக்குப் பதிலாக நடு நிறுத்தத்தை வைத்தால் போதும்.

எல்லாம் முறைப்படி செய்தும் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று விழவில்லை என்றால் எழுத்துருவைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம். கேண்டாரா, கார்பல், கான்ஸ்டான்ஷியா போன்ற சிலவற்றில் இயல்பாக அப்படி இல்லை. வேர்டின் ஃபான்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் நம்பர் ஸ்பேசிங் என்பதை டேபுலர் என மாற்றினால் இலக்கங்கள் ஒரே அகலத்துக்கு வந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் நாடுகளின் வழக்கப்படி கணினி அமைந்திருந்தால், தசம நிறுத்தம் புள்ளியை விட்டுவிட்டுக் காற்புள்ளியைத் தேடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். கூகுள் டாக்ஸில் இடம், நடு, வலம் என மூன்று வகை நிறுத்தங்களே உள்ளன. அங்கே வலப்புற நிறுத்தத்தைக் கொண்டு சமாளிக்கலாம். ஆனால் நேராக வரவேண்டும் என்பதற்காக 19.3-ஐ 19.300 என்று எழுதுவது அளந்திராத துல்லியத்தை அளந்ததாகக் காட்டுவதாகும், அதைச் செய்யக்கூடாது.

நிறுத்தத்தோடு இன்னொரு வசதியும் சேர்ந்து வருகிறது. பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையே ஓடும் புள்ளி வரிசையைப் பலர் விரலால் தட்டுகிறார்கள். குறியின் மேல் இருமுறை சொடுக்கினால் திறக்கும் அதே டேப் பெட்டியில் லீடர் என்பதன் கீழ் புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், டேப் தாவும் இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். படிவங்களில் ‘பெயர்’ என்பதற்குப் பின் எழுதுவதற்கு விடும் கோட்டையும் இவ்வாறே அமைக்கலாம். எல்லாக் கோடுகளும் வலது ஓரத்தில் ஒரே இடத்தில் முடியும். கடிதத்தில் இடப்புறம் ஊரும் அதே வரியின் வலப்புறம் தேதியும் வருவதற்கு வலது ஓரத்தில் ஒரு வலப்புற நிறுத்தம் போதும். அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்பது தாளைப் பொறுத்தது: ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், இருபுறமும் 2.54 விட்டால் மீதம் 15.92. அமெரிக்க லெட்டர் தாளில் அதே ஓரம் விட்டால் மீதம் 16.51. லெட்டர் தாளுக்கென்று அமைந்த வார்ப்புருவை ஏ4 தாளில் பயன்படுத்தும்போது தலைப்பகுதியில் உள்ள பக்க எண் ஓரத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்பதற்கு இந்த அரை சென்டிமீட்டர்ச் சொச்சமே காரணம்.

வரி மடங்கும் இடத்தில்

இதுவரை சொன்னது யாவும் ஒவ்வொரு பதிவும் ஒரே வரிக்குள் அடங்கும் பட்டியலுக்குத்தான் பொருந்தும். ஒரு நெடுவரிசையில் உள்ள உரை நீண்டு அடுத்த வரிக்கு மடங்கினால் டேப் தோற்றுவிடும். மடங்கிய பகுதி தன் நெடுவரிசைக்குக் கீழே வராமல் இடது ஓரத்துக்கு ஓடிவிடும். மடங்குவது கடைசி நெடுவரிசை மட்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பத்திக்குத் தொங்கு உள்தள்ளல் கொடுத்து, அதை அந்த நெடுவரிசை தொடங்கும் இடத்திலேயே வைத்தால், இரண்டாம் வரி முதல் எல்லாம் அங்கிருந்தே தொடங்கும். ‘காலை 10 மணி’ என்று நேரம் ஒரு பக்கமும், நிகழ்ச்சியின் விவரம் மறுபக்கமும் வரும் நிரல்களுக்கு இது மிகப் பொருத்தம்.

நடு நெடுவரிசை மடங்கினால் டேப்போடு போராடுவதில் பயனில்லை. வரியை நடுவில் என்டர் தட்டி உடைத்து, மீதியை அடுத்த வரியில் டேப் தட்டி வைப்பவர்கள் உண்டு. ஒரு சொல்லைத் திருத்தினாலும் அந்த ஒட்டுவேலை முழுவதும் அவிழ்ந்துவிடும். அங்கே தேவைப்படுவது அட்டவணை. அட்டவணை என்றாலே கட்டம் கட்டமாகக் கோடு போட்டதுதான் என்ற எண்ணத்தால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். கோடுகளை முற்றிலும் நீக்கிவிடலாம். பார்டர் பட்டியலில் கோடு வேண்டாம் என்று கொடுத்தால், படிப்பவருக்கு அது அட்டவணை என்றே தெரியாது. நமக்கு மட்டும் கட்டங்கள் தெரியவேண்டும் என்றால் வியூ கிரிட்லைன்ஸ் என்பதை இயக்கிக்கொள்ளலாம். அந்தக் கோடுகள் அச்சில் வருவதில்லை.

அட்டவணைக்குள் டேப் விசையின் வேலை மாறிவிடுகிறது. அது அடுத்த கட்டத்துக்குப் போகும்; கடைசிக் கட்டத்தில் தட்டினால் புதிய வரிசை ஒன்று சேரும். கட்டத்துக்குள் உண்மையாகவே ஒரு டேப் வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டேப்பைத் தட்ட வேண்டும். தசம நிறுத்தத்துக்கு வேர்டில் அதுவும் தேவையில்லை: எண்கள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவை இடப்புறம் நேராக்கியவையாக இருக்கும் நிலையில், அளவுகோலில் ஒரு தசம நிறுத்தத்தை வைத்தால் எண்கள் தாமாகவே போய் அதில் ஒட்டிக்கொள்கின்றன. உரை சேரச் சேர நெடுவரிசையின் அகலம் தானாக மாறிக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருந்தால், டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியின் ஆப்ஷன்ஸ் பகுதியில், உள்ளடக்கத்துக்கேற்பத் தானே அளவை மாற்றும் அமைப்பை நிறுத்திவிடலாம். அட்டவணை பல பக்கங்களுக்கு நீண்டால் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாக அறிவிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் அது மறுபடி வரும். டேப்பால் அமைத்த பட்டியலில் இது நடக்காது.

லேஅவுட் பட்டியில் உள்ள காலம்ஸ் என்பது முற்றிலும் வேறொன்று. அது செய்தித்தாள் பாணி: ஒரே கட்டுரை முதல் நெடுவரிசையின் அடிவரை ஓடி, இரண்டாவதன் தலையில் தொடர்கிறது. பெயருக்கு நேராக எண் நிற்கவேண்டிய பட்டியலுக்கு அதைப் பயன்படுத்தினால், ஒரு பெயர் கூடினாலும் நேர் எல்லாம் போய்விடும்.

கலைந்த பழைய கோப்பைச் சீராக்க

இடைவெளிகளால் நிரப்பிய கோப்பு ஒன்று கையில் வந்து சேர்ந்தால், முதலில் மறைகுறிகளைத் தெரியவைக்க வேண்டும். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்துத் தட்டவும். லிபர்ஆஃபிஸ் ரைட்டர் என்ற சொற்செயலியில் கன்ட்ரோலும் எஃப்10-உம். இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு சிறு புள்ளியாகவும், டேப் ஓர் அம்புக்குறியாகவும் தெரியும். புள்ளிகள் எறும்பு வரிசையாகத் தெரிகிற இடமெல்லாம் ஒரு டேப்பாக வேண்டும்.

வேர்டில் இதைக் கையால் செய்யத் தேவையில்லை. பட்டியலைத் தேர்ந்தெடுத்து, ரீப்ளேஸ் பெட்டியில் மூன்று இடைவெளிகளைத் தேடி இரண்டாக மாற்றச் சொல்லவும். மாற்றங்கள் பூஜ்யம் என்று வரும்வரை அதையே திரும்பச் செய்யவும். இப்போது நெடுவரிசைகளுக்கு இடையே சரியாக இரண்டு இடைவெளிகள் மட்டும் எஞ்சும். சொற்களுக்கு நடுவே உள்ள ஒற்றை இடைவெளிகள் தொடப்படாமல் இருக்கும். அடுத்து இரண்டு இடைவெளிகளைத் தேடி, ஸ்பெஷல் பட்டியலில் உள்ள டேப் எழுத்தாக மாற்றவும். பலமுறை டேப் தட்டிய கோப்பு என்றால் இரண்டு டேப்பை ஒன்றாக்கும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அதற்குமுன் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும். ஏதாவது ஒரு வரியில் நடு நெடுவரிசை உண்மையாகவே வெறுமையாக இருந்தால், அங்கே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டேப்புகளுக்கும் பொருள் உண்டு, அவற்றை ஒன்றாக்கினால் மூன்றாம் நெடுவரிசையின் உரை இரண்டாவதில் போய் உட்கார்ந்துவிடும்.

வரிக்கு வரி டேப்புகளின் எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு, நிறுத்தங்களை வைத்து அப்படியே விட்டுவிடலாம். நீண்ட உரை இருப்பதால் அட்டவணையே வேண்டும் என்றால், இன்செர்ட் பட்டியில் டேபிள் என்பதன் கீழுள்ள கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள் என்பதைக் கொடுத்து, பிரிக்கும் குறியாக டேப்பைத் தேர்ந்தெடுக்கவும். அந்தப் பெட்டி காட்டும் நெடுவரிசைகளின் எண்ணிக்கையைக் கவனிக்கவும்: மூன்று என்று எதிர்பார்த்த இடத்தில் அது நான்கு என்று சொன்னால், எங்கோ ஒரு வரியில் ஒரு டேப் கூடுதலாக இருக்கிறது. பெட்டியை மூடிவிட்டு, அந்த அம்புக்குறியைத் தேடி நீக்கிய பிறகு மறுபடி மாற்றவும்.